சுருளிக்கு ஓர் ஆடை

ஆண்டும் மாதமும் யாருக்கும் நினைவில்லாத முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நாடு ஒன்றை வில்லவராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். அவருக்கு ஒரே மகள், பெயர் தேமொழி. பெரிய நாட்டு இளவரசன் ஒருவனுக்கு அவளைக் கொடுப்பதாக அவர் பேசி முடித்திருந்தார். அவளோ, தேனும் தினையும் தவிர வேறெதுவும் இல்லாத வடக்கு மலைத் தலைவன் ஒருவனைத்தான் மணப்பேன் என்றாள். சொன்னபடியே மணந்தும்கொண்டாள்.

"அரண்மனைப் பொருள் எதையும் எடுத்துப் போகாதே. இனி உன் கால் என் கோட்டை வாசலை மிதிக்கக் கூடாது!" என்று அரசர் சபையறியச் சொல்லிவிட்டார்.

அவளும் கட்டிய புடவையோடு போனாள். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அரண்மனைப் பொருள் என்ற கணக்கில் அவளுடைய நாயும் நின்றுவிட்டது. வளைந்த வாலைப் பார்த்து அவளே சுருளி என்று பெயர் வைத்து வளர்த்த செவலை நாய் அது. தினமும் பொழுது சாயும்போது வடக்கு வாசலுக்குப் போய், முன்னங்கால்களின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். தாண்டிப் போகக் காவலர் விடமாட்டார்கள். மகளின் பெயரை அரசர் சொல்வதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லும் துணிவு இல்லை. ஆனால் சோற்றில் கை வைக்கும் முன் ஒவ்வொரு நாளும், "சுருளி சாப்பிட்டதா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் அவருக்கும் இறங்காது.

வசந்த விழா நெருங்கியது. ஒருநாள் அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. "சுருளி ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது? அதற்கு நல்ல ஆடை அணிகலன் பூட்டி ஊர்வலத்தில் என் பக்கத்தில் நடத்திவர வேண்டும். அப்போதாவது அதன் முகம் தெளியும்" என்றார்.

ஆடை ஆபரணங்களுக்கு அதிகாரியான அரங்கராயருக்குத் தலைகால் புரியவில்லை. பத்தே நாளில் பட்டுச் சட்டை, முத்துக் கழுத்துப்பட்டை, சரிகைத் தலைப்பாகை, வெள்ளிச் சலங்கை எல்லாம் சபைக்கு வந்து சேர்ந்தன.

பட்டுச் சட்டையைச் சுருளி பல்லால் கிழித்தது. தலைப்பாகை கண்ணை மறைக்க, நேரே போய்த் தூணில் முட்டிக்கொண்டது. கடைசியாகக் காலில் சலங்கையைக் கட்டினார்கள். ஓரடி வைத்தது. சலங்கை ஒலித்தது. உடனே காதை விறைத்துத் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. இன்னும் ஓரடி வைத்தது, மறுபடி திரும்பிப் பார்த்தது. சபையில் எல்லாரும் சிரித்தார்கள். அரசர் சிரிக்கவில்லை. சலங்கை கட்டிக்கொண்டு இந்தக் கூடத்தில் ஓடித் திரிந்தவள் யார் என்பது அவருக்குத் தெரியும்.

"கழற்றுங்கள் அதை" என்றார்.

அந்த நேரம் பார்த்து, சபையின் விகடக்காரன் ஏகம்பன் எழுந்தான். "அரங்கராயரே, எல்லாம் அளவாகத்தான் இருக்கிறது. ஆனால் உடுத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

அரங்கராயருக்கு முகம் சிவந்தது. ஏகம்பனை ஊரை விட்டே துரத்த வேண்டும் என்று அவர் காத்திருந்தது நெடுநாளாக. "மன்னா! இவன் கேட்கட்டும். நாய் தானே தேர்ந்தெடுக்கும் ஆடையை எட்டு நாளில் இவன் சபைக்குக் கொண்டுவரட்டும். நாய் தேர்ந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு மடிப்பும் கலையாமல் வரவேண்டும். அதைச் சபை நடுவே நாய் விருப்பத்தோடு போர்த்திக்கொள்ளவும் வேண்டும். முடியாவிட்டால் இவன் நாடு கடக்க வேண்டும்!"

"சம்மதமா ஏகம்பா?"

"சம்மதம் மன்னா. ஆனால் சுருளி எங்கே போய்த் தேர்ந்தாலும் அந்த ஆடை வரும் வழியை யாரும் மறிக்கக் கூடாது."

"என் முத்திரை மோதிரத்தை வைத்துக்கொள். யாரும் மறிக்கமாட்டார்கள்."

ஏகம்பன் நாயோடு போய்விட்டான்.

அன்று மாலை அரசருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சுருளி சாப்பிட்டதா?" என்று வாயெடுத்து, பிறகுதான் நாய் இல்லை என்று நினைவு வந்து அடக்கிக்கொண்டார். கால் போன போக்கில் நடந்தவர், வடக்கு வாசலில், நாய் படுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். காவல்காரக் கிழவன் பதறி எழுந்தான்.

"அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள்?"

"நாய்தானுங்க மகாராசா முன்னால போச்சு. விட்டா போதும்னு ஓடுச்சு. ஐயா பின்னாலேயே எளைக்க எளைக்கப் போனாரு. வடக்கால, மலைப் பக்கமா."

ஒரு குதிரை வீரனை அனுப்பினால் ஒரு நாழிகையில் மறித்துவிடலாம். காவலனும் ஆணைக்காகத்தான் காத்து நின்றான். அரசர் நீல மலையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆணை எதுவும் இடாமல் திரும்பினார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். தினைக்கொல்லையில் புகை எழுந்தால்கூட, அது யார் வீட்டு அடுப்புப் புகையோ என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டாம் நாள் காலை. ஆறு பேர் சுமந்த மூடுபல்லக்கு ஒன்று சபைக்குள் வந்தது. முன்னால் ஏகம்பன் நொண்டிக்கொண்டே வந்தான்.

"ஒரு துணிக்குப் பல்லக்கா?" என்று அரங்கராயர் சிரித்தார்.

"மடிப்புக் கலையக் கூடாது என்றீர்களே, அதனால்தான்" என்றான் ஏகம்பன்.

அரசர் திரையின் அடியைப் பார்த்தார். மலைநாட்டார் நெய்யும் முரட்டு நூல் புடவை ஒன்றின் ஓரம் வெளியே தெரிந்தது. அதன்மேல் சுருளியின் மூக்கு.

ஏகம்பன் திரையை விலக்கினான். உள்ளே தேமொழி உட்கார்ந்திருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். கழுத்தில் ஒரு பாசிமணி மாலை.

"இளவரசி!" என்று அலறினார் அரங்கராயர். "மன்னா, ஆணையை மீறிவிட்டான்!"

"இளவரசியை நான் ஏன் கொண்டுவருகிறேன்? நான் கொண்டுவந்தது புடவையை. மூன்று நாள் ஓடி, இந்தப் புடவையின் முந்தானையைத்தான் சுருளி கவ்விப் பிடித்தது. விடவே இல்லை. உள்ளே இருப்பவரை வெளியே எடுத்தால் கொசுவம் கலைந்துவிடும். நான் என்ன செய்ய?"

"இளவரசியின் கால் கோட்டை வாசலை..." என்று இழுத்தார் அரங்கராயர்.

"மிதித்ததா? மிதித்தவை பல்லக்குத் தூக்கிகளின் பன்னிரண்டு கால்கள். எண்ணிப் பாருங்கள்."

"நாய் போர்த்திக்கொள்ள வேண்டுமே!" அரங்கராயரின் குரல் தேய்ந்திருந்தது.

யாரும் கூப்பிடாமலே சுருளி எழுந்து முந்தானைக்குள் நுழைந்தது. வால் மட்டும் வெளியே ஆடியது. இரண்டு ஆண்டுகளாக ஆடாத வால்.

அரசர் சிங்காதனத்திலிருந்து இறங்கி வந்தார். பல்லக்கின் பக்கத்தில் நின்றார்.

"ஏகம்பா, இந்தப் புடவை பேசுமா?"

"வழியெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டது மன்னா. அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று."

அரசருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கியது, பாதியில் கண்ணீர் முந்திக்கொண்டது. தேமொழி நிமிர்ந்து பார்த்தாள்.

"இறங்கலாமா அப்பா?"

"இறங்கு அம்மா." அவர் கையை நீட்டினார். "அன்று சொன்னது தப்பு. சொன்ன அன்றைக்கே தெரியும். திருப்பிச் சொல்லத்தான் வாய் வரவில்லை."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் கால் வைத்தாள்.

"உன் கணவன் எங்கே?"

தேமொழி ஏகம்பனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் நிற்கிறார் மன்னா. சுருளி அவருடைய வேட்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் எந்த முகத்தோடு உள்ளே கொண்டுவருவேன்?"

இப்போது அரசர் வாய்விட்டுச் சிரித்தார். தூண்களெல்லாம் எதிரொலிக்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாகிவிட்டதால், மடைப்பள்ளியில் இருந்தவர்கள்கூட என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

தம் கழுத்து மாலையைக் கழற்றி ஏகம்பனுக்குப் போட்டார். "நீ ஏன் நொண்டுகிறாய்?"

"சுருளிக்கு நான்கு கால், எனக்கு இரண்டு. அந்த இரண்டிலும் கொப்புளம் மன்னா."

"அப்படியானால் பல்லக்கில் ஏறு. அரங்கராயரே, இவனை வீடுவரை கொண்டுபோய் விட்டு, காலுக்கு எண்ணெய் போடச் சொல்லிவிட்டு வாரும். மருமகனை நானே போய் அழைத்துவருகிறேன்."

குடை பிடிக்க ஓடிவந்தவர்களை அரசர் நிற்கச் சொல்லிவிட்டார். ஏகம்பன் பல்லக்கில் தெற்கே போக, அரங்கராயர் பக்கத்தில் நடந்து போனார். அரசர் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு, வலிக்கும் முழங்காலோடு, புளியந்தோப்பை நோக்கி நடந்தார். சுருளி இருவருக்கும் முன்னால் ஓடியது.