மிரளாத முயலும் கோயில் பரிவட்டமும்

ஒரு ஊர்ல ஒரு முயல் இருந்துச்சு. அதுக்கு ரெண்டு காது. ரெண்டும் நிமிந்து நிக்காது, நமுத்துப் போன அப்பளம் மாதிரி கீழ தொங்கும். அதனால அது பேரே அப்பளம். சிரிக்காத, சிரிச்சா வந்த தூக்கம் போயிரும். "ம்" மட்டும் சொல்லு.

அந்த ஊரு இருக்கே, அது நாய்க்கார ஊரு. வீட்டுக்கு வீடு வேட்டை நாய். வேட்டைக்குப் போறவன் எவனும் கிடையாது, நாயும் ஆளும் ஒண்ணா உக்காந்து டிவி பாக்குறதுதான் வேலை. ஆனா பேச்சைக் கேட்டா, ஒவ்வொருத்தனும் இப்பதான் புலியை அடிச்சுப் போட்டுட்டுக் கை கழுவ வந்தவன் மாதிரி பேசுவான். மீசை வேற பெருசு பெருசா.

வருஷா வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அந்த ஊர்ல மிரளாப் போட்டின்னு ஒண்ணு வைப்பாங்க. கோயில் முன்னாடி சுண்ணாம்புல வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நாயா நிறுத்திருவாங்க. முதல்ல கொட்டு, அப்புறம் வேட்டு, அப்புறம் படுதாவுக்குப் பின்னாடி இருபது நாயைக் கட்டிக் குரைக்க விடுவாங்க. மூணுக்கும் மிரளாம வட்டத்துக்குள்ளயே எது நிக்குதோ, அதோட சொந்தக்காரனுக்குத்தான் பரிவட்டம். அதான், கோயில் துணியைத் தலையில கட்டி மரியாதை பண்றது. நிக்கிறது நாய், மரியாதை மனுசனுக்கு. இதுல என்ன வீரம்னு கேட்டா அந்த ஊர்ல அடிக்க வருவாங்க.

அப்போ அந்த ஊர்ல சிங்கராசுன்னு ஒருத்தர் இருந்தாரு. சிங்கம் பேர்ல மட்டும்தான். வேட்டுச் சத்தம் கேட்டா அவரே கண்ணை இறுக்கி மூடிக்கிற ஆளு. அவர் வளத்த நாய் மூணும் அவரை மாதிரியே. போட்டியில முதல் கொட்டுக்கே வாலைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்து, கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சு. தலையில ஒரு தடவையாவது அந்தத் துணி ஏறணும்னு மனுசன் ஏங்கிக் கிடந்தாரு.

அவரோட மருமக சீனியம்மா. அவ புருஷன் லாரி ஓட்டுறவன், மாசத்துல இருபது நாள் ரோட்டுலதான் இருப்பான். வீட்டுல பேச்சுத் துணைக்கு இருக்கட்டும்னு அவன் வாங்கிட்டு வந்து குடுத்ததுதான் அப்பளம். கேக்குறியா? ம்.

சீனியம்மா அப்பளத்தைக் கூப்பிடுவா. வராது. கீரைப் பையைச் சரக் சரக்னு ஆட்டுவா. மத்த முயல்னா பறந்து வரும், இது முகத்தைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். குக்கர் உஸ்ஸ்ஸ்னு விசில் அடிச்சாலும் அசையாது. ஆனா பின்னாடி போய்த் தொட்டா போதும், தூக்கிவாரிப் போட்டு, திரும்பி வெடுக்னு கடிச்சிரும். ரெண்டு தடவை கடி வாங்குனா. மூணாவது தடவை அவளுக்கே உறைச்சுச்சு. கூடையில வச்சு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. டாக்டர் தொங்குற காதைத் தூக்கி லைட் அடிச்சுப் பாத்தாரு. சீழ் இல்ல, அழுக்கு இல்ல, பிறவியிலயே கேக்காதும்மா, மருந்தும் இல்ல, நீதான் பழகிக்கணும்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு அவ ரொம்ப அழுதா. இத்தனை நாளா பிடிவாதம் பிடிக்குதுன்னு அதைத் திட்டிட்டோமேன்னு அழுதா.

அப்புறம் பழகிக்கிட்டா. முன்னாடி வந்து நின்னு, கையை மோந்து பாக்கக் குடுத்துட்டுத்தான் தொடுவா. தூரத்துல இருந்து கூப்பிடணும்னா, தரையில மூணு மிதி மிதிப்பா, தொம் தொம் தொம்னு. அந்த அதிர்வு காலுல பட்டதும் அப்பளம் குடுகுடுன்னு ஓடி வரும். முயல் பாஷையே அதானே, ஒண்ணுக்கு ஒண்ணு காலைத் தட்டித்தான் சேதி சொல்லும்.

ஆனா அந்த வீட்டுல ஒரு சட்டம் உண்டு. மாமனார் இருக்குறப்போ மருமக நடக்குற சத்தம் கேக்கக் கூடாது. கொலுசுகூடச் சலங்கை இல்லாத கொலுசு. ஒரு நாள் அவ மிதிச்சது கேட்டு, பொம்பளை நடந்தா தரை அதிரலாமான்னு சிங்கராசு ஒரு மணி நேரம் திட்டுனாரு. அதனால பாவம், அவர் வெளிய போனப்புறம்தான் முயலைக் கூப்பிடவே முடியும். இவர் வெளிய போறதும் அபூர்வம்.

அப்புறம் என்னாச்சு, ஒரு கல்யாண ஊர்வலம் அந்தத் தெருவுல வந்துச்சு. சரவெடி வெடிச்சாங்க, படபடபடபடன்னு. தெரு நாயெல்லாம் தெறிச்சு ஓடுது. சிங்கராசு கண்ணை மூடித் திறந்து பாக்குறாரு, கட்டில் மேல அப்பளம் உக்காந்து கொத்தமல்லித் தண்டைக் கறுக் முறுக்னு கடிச்சுக்கிட்டு இருக்கு. மனுசனுக்கு வாயெல்லாம் பல்லு. இதுவல்லவா வீரம், இந்த வருஷப் போட்டியில இதைத்தான் நிறுத்தப் போறேன்னு எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டாரு. பேரையும் மாத்திட்டாரு, வேங்கைன்னு. அப்பளம்னு கூப்பிட்டாலும் அதுக்குக் கேக்காது, வேங்கைன்னு கூப்பிட்டாலும் கேக்காது. அது பாட்டுக்கு மென்னுக்கிட்டு இருந்துச்சு.

சீனியம்மா சொன்னா, அதுக்குக் காது கேக்காது மாமான்னு. இவ்வளவு பெரிய காது எப்படிக் கேக்காமப் போகும்னு அவர் சிரிச்சாரு. மறுநாள் டாக்டர் சொன்னதைச் சொன்னா. மாட்டு டாக்டருக்கு முயலைப் பத்தி என்ன தெரியும்னுட்டாரு. பொங்கலுக்கு முந்தின நாள் மறுபடியும் போய் நின்னா. நாய் வந்தாக்கூட அதுக்குத் தெரியாது மாமா, செத்துப் போயிரும், விட்டுருங்கன்னு கெஞ்சுனா. அவர் கண்ணாடி முன்னாடி நின்னு, வெறும் துண்டைத் தலையில கட்டி அழகு பாத்துக்கிட்டு இருந்தாரு. அவ சொன்னது எங்க ஏறப் போகுது?

தூங்கிட்டியா? ம்... சரி.

பொங்கலன்னைக்குப் பதினோரு நாய் நிக்குது, பன்னெண்டாவது வட்டத்துல ஒரு முயல். அதுக்கு அடியில வெல்வெட்டு மெத்தை, முன்னாடி ஒரு கட்டு கொத்தமல்லி. நாய்தான் நிக்கணும்னு சட்டம் எதுவும் இல்லாததால யாரும் தடுக்கல, ஊரே சிரிச்சுச்சு. ஊர்த்தலைவர் தவசி மட்டும் சிரிக்கல, அவர் சிரிச்சா மீசை கலைஞ்சிரும். அவரோட வெள்ளை நாய் மேஜர்தான் ஆறு வருஷமா ஜெயிக்குது. சீனியம்மா பொம்பளைங்க நிக்கிற கயித்துக்குப் பின்னாடி, முயலையே பாத்துக்கிட்டு நின்னா.

முதல்ல கொட்டு. டங்கு டக்க டங்கு டக்க, உறுமி உர்ர்ர்ருன்னு. அஞ்சு நாய் ஓடிருச்சு. கொட்டோட அதிர்வை மெத்தை வாங்கிக்கிச்சு, அப்பளம் அசையல.

அப்புறம் வேட்டு. படார் படார் படார். இன்னும் அஞ்சு ஓடிருச்சு. சிங்கராசு கண்ணைத் திறந்து பாத்தாரு, அப்பளம் கொத்தமல்லிக்குள்ள முகத்தைப் பொதைச்சுக்கிட்டு மென்னுது. மிச்சம் மேஜரும் அதுவும்தான். இப்ப ஊரு சிரிக்கல. முயலை முறைச்சுப் பாத்துச்சு, இந்தக் கீரை தின்னி நம்ம மானத்தை வாங்கிருமோன்னு.

அப்போ மூணாவது. படுதாவுக்குப் பின்னாடி இருபது நாயும் குரைக்குது, வள் வள் வள்னு. காத்து அந்தப் பக்கமா அடிச்சதால வாடையும் வரல. அப்பளம் இன்னொரு தண்டை இழுத்துச்சு. அந்த நேரம் பாத்து படுதா டர்ர்ர்ருன்னு கிழிஞ்சுச்சு. ஒரு கருப்பு நாய் சங்கிலியை அத்துக்கிட்டு, முயலுக்கு நேர் பின்னாடி பாய்ஞ்சு வருது.

அத்தனை மீசையும் அங்கதான் நின்னுச்சு. ஒருத்தனும் காலை எடுத்து வைக்கல. சிங்கராசு கண்ணை மூடிக்கிட்டாரு.

சீனியம்மா கயித்தைத் தாண்டுனா. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுனா. மெத்தையை ஒட்டிப் போய், மாமனாரும் இருக்காரு, ஊரும் இருக்கு, எதையும் யோசிக்கல, மிதிச்சா. தொம். தொம். தொம். அப்பளம் தலையைத் தூக்குச்சு, அவளைப் பாத்துச்சு, ஒரே தாவுல அவ சேலை மடியில வந்து விழுந்துச்சு. கருப்பு நாய் வெறும் மெத்தையைக் கடிச்சுக் குதறுச்சு. மெத்தைப் பஞ்சு ஊரு பூரா பறந்துச்சு. அப்புறம்தான் நாய்க்காரன் ஓடி வந்து அதைப் பிடிச்சுக் கட்டுனான்.

சிங்கராசு கண்ணைத் திறந்தாரு. முதல் வார்த்தை என்ன தெரியுமா? முயல் பிழைச்சுச்சான்னு இல்ல. வட்டத்தை விட்டு வந்துருச்சே, போச்சே, என் பரிவட்டம் போச்சேன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. த்தூ.

தவசி கேட்டாரு, இவ்வளவு சத்தத்துக்கும் மிரளாதது உன் காலுக்கு மட்டும் எப்படிம்மா ஓடி வந்துச்சுன்னு.

சீனியம்மாவுக்கு மூச்சு இரைக்குது. மடியில அப்பளத்தோட நெஞ்சு படபடன்னு அடிக்குது. அவ நிமிந்து நின்னு சொன்னா: "இதுக்குப் பிறவியிலயே காது கேக்காதுங்கய்யா. கேக்காதது எப்படி மிரளும்? இதுக்குப் போய் வீரம்னு பேரு வச்சிருக்கீங்க."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"ன்னு சிங்கராசு கத்துனாரு.

"சொன்னேன் மாமா. மூணு தடவை."

அப்போ ஊரு சிரிக்க ஆரம்பிச்சுச்சு, சிங்கராசைப் பாத்து. அவர் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு நடையைக் கட்டுனாரு. ஆனா தவசிக்குச் சிரிப்பு வரல. அவர் மெதுவாத் திரும்பி மேஜரைப் பாத்தாரு. படுதா கிழிஞ்சப்பவும் திரும்பாத மேஜரு. ஆறு வருஷமா கூப்பிட்டா வராத மேஜரு. கெத்துன்னு ஊரெல்லாம் பெருமை பேசுன, திமிருன்னு அவரே பிரம்பால அடிச்ச மேஜரு. அவர் பின்பக்கமாப் போய் நின்னு, ரெண்டு கையையும் சேத்துத் தட்டுனாரு. பட். பட். மேஜர் வாலைக்கூட ஆட்டல.

அப்புறம் அவ்வளவு பெரிய மனுசன், சீனியம்மா பக்கத்துல வந்து, யாருக்கும் கேக்காத மாதிரி கேட்டாரு: "இவனை நான் எப்படிம்மா கூப்பிடணும்?"

அவ காலால காட்டுனா. அவரும் காலைத் தூக்கி மிதிச்சாரு. தொம். தொம். தொம். மேஜர் திரும்புச்சு. அவரைப் பாத்துச்சு. அப்புறம் வட்டத்தை விட்டு வெளிய வந்து, அவர்கிட்ட நடந்து வந்துச்சு.

அவ்வளவுதான். கதை அங்கயே சுருண்டு படுத்துருச்சு, நீயும் சுருண்டு படு.