கேள்வி கேட்டாத்தான் பந்தி

குளத்துக் கரையில முயலுங்களுக்கு வளை தோண்டிக் கொடுக்கற கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. அதுல சடையன்னு ஒரு முள்ளம்பன்றி இன்ஜினியர். நல்ல கெட்டிக்காரன். ஆனா கீழக்கரையில அவன் தோண்டற வளை மட்டும் மழைக்கு மழை இடிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"ஏன் இடியுதுன்னு பாக்கலாமா சார்?"ன்னு மேனேஜர் காட்டுப்பன்றியைக் கேட்டான்.

"இடிஞ்சா இன்னொண்ணு தோண்டு. ஏன் எதுக்குன்னு கேக்கணும்னா, போய் ஆராய்ச்சி பண்ணுய்யா!"

சடையனுக்கு ரோஷம் வந்துடுச்சு. வேலையை விட்டான். டாக்டர் பட்டம் கொடுக்கற நாரை மேடம்கிட்டப் போய்ச் சேந்தான். கூட வேலை பாத்தவனெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சான்.

சடையன் மழையிலயும் வெயில்லயும் மண்ணைக் கிளறிக்கிட்டே கெடந்தான். கடைசியில புடிச்சுட்டான்! கீழக்கரையில மேலாக்கதான் செம்மண்ணு. அடியில பூரா மணலு. குளம் நெறஞ்சா தண்ணி மணலை அரிச்சுக்கிட்டுப் போயிடும். அடுத்த பெரிய மழைக்கு மொத்தக் கரையும் உள்ள போயிடும்.

"அங்க முயல் குடும்பங்க இருக்கு மேடம். உடனே சொல்லணும்."

"நாளைக்குத்தான் உனக்கு வைவா இருக்கே, எல்லார் முன்னாடியும் ஆராய்ச்சியைச் சொல்ற பரீட்சை. காடே வரும், அதுல சொல்லு. அது கெடக்கட்டும், சாப்பாடு என்ன போடறே?"

"சாப்பாடா?"

"பட்டம் வாங்கறவன்தான் பந்தி வைக்கணும். எனக்கு அயிரை மீன். சாப்பாடு கண்ணு முன்னாடி இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான். இதுவரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான் முடிஞ்சிருக்கு."

மறுநாள் காடே வந்துச்சு. சடையன் தொண்டை வத்தப் பேசினான். ஒருத்தர் காதுலயும் ஏறல. எல்லார் கண்ணும் மரத்தடியில குவிச்சிருந்த கிழங்கு மேலயும் புல்லுக்கட்டு மேலயும்தான். கீழக்கரையில குடியிருக்கற செவந்தி முயல்கூட கொட்டாவி விட்டா. வானம் வேற கறுத்துக்கிட்டு வந்துச்சு.

நாரை மேடம் றெக்கையைத் தட்டினாங்க. "பிரமாதம்! கேள்வி ஒண்ணும் இல்லல்ல? வாங்க, சாப்பிடலாம்."

அங்க கம்பெனியில ஏன்னு கேட்டா திட்டு. இங்க கேள்வியே வரக் கூடாதுன்னு பந்தி. இது எந்த ஊர் நியாயம்? சடையன் முள்ளைச் சிலுப்பிக்கிட்டுச் சாப்பாட்டுக்குக் குறுக்க போய் நின்னான்.

"ஒருத்தராவது ஒரு கேள்வி கேளுங்க. அப்புறம் திங்கலாம்."

"டேய், உனக்குப் பட்டம் வேணுமா வேணாமா?"

"அதை அப்புறம் பேசுவோம் மேடம்."

செவந்திக்குப் பசி. கேட்டுத் தொலைச்சாத்தான் வழி விடுவான்னு தோணுச்சு. "சரிப்பா, நானே கேக்கறேன். கரை இடியும் இடியும்னியே, எந்தக் கரை?"

"உங்க கரைதான்க்கா."

"என் வளையுமா?"

"முதல்ல போறதே அதுதான்."

"ஐயோ, புள்ளைங்க உள்ள தூங்குதே!"

செவந்தி எடுத்தா பாருங்க ஓட்டம். பின்னாடியே மத்த முயலுங்க, அதுங்க பின்னாடி சடையன். முள்ளு குத்திடக் கூடாதுன்னு குட்டிங்களை ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு மேட்டுல கொண்டு வந்து விட்டான். கடைசிக் குட்டி வந்து சேந்தப்ப மழை கொட்டிக்கிட்டிருந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள கீழக்கரை பொலபொலன்னு குளத்துக்குள்ள போயிடுச்சு.

நாரை மேடம் நனைஞ்ச பந்தியில தனியா நின்னு, "சபை மரியாதை தெரியாத பயலுக்குப் பட்டம் கெடையாது!"ன்னு கத்தினாங்க. அயிரை மீனை மட்டும் ஒண்ணு விடாம முழுங்கிட்டாங்க.

கண்டுபிடிச்ச உண்மை யாருக்கு வேணுமோ அவங்க காதுல அது விழுந்தாத்தான் படிப்பு முடிஞ்சதா அர்த்தம், பட்டம் கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி.