வால்வு சூடேறும் வரை

நாச்சிமுத்துவுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லியாக வேண்டும். வரிசை மாறினால் அதையும் ஓர் அநீதியாக அவர் சேர்த்துக்கொள்வார்.

முதல் அநீதி மில் போராட்டத்தில் நடந்தது. பூட்டிய கேட்டின் மேல் ஏறிக் கொடி கட்டியவர் அவர். போலீஸ் தடி முதலில் விழுந்ததும் அவர் முழங்காலில்தான். போராட்டம் வென்றது. வெற்றி நோட்டீசில் மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயரெல்லாம் வந்தது. கேட்டில் ஏறியவர் ‘மற்றும் பலர்’ ஆனார்.

இரண்டாவது, வழக்கில். தோழர்கள் மறந்தாலும் போலீஸ் மறக்காது என்று நம்பினார். குற்றப்பத்திரிகையிலும் ‘மற்றும் பலர்’ என்றே இருந்தது. பலரில் ஒருவராக உள்ளே போய், பலரில் ஒருவராகவே வெளியே வந்தார்.

மூன்றாவது, சங்கக் கட்டடத்தில். கல்வெட்டைத் தோளில் சுமந்து வந்தவர் அவர். கடைசி வரியில் அவர் பெயரைப் பொறித்தும் இருந்தார்கள். தரை போட வந்த மேஸ்திரி மட்டத்தைச் சற்று உயர்த்திவிட்டதில் கடைசி வரி தரைக்குள் போய்விட்டது. பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் கடப்பாரையோடு போகலாம்.

நான்காவது, வானொலியில். பாட்டுக் கேட்டுத் தபால் அட்டை போட்டுக்கொண்டே இருந்தார். அறிவிப்பாளர் ஒரு நாள் பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்றைத் தொட்டில் குழந்தை வரைக்கும் பெயர் சொல்லி முடித்தார். நாச்சிமுத்துவின் பெயர் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பிறகு மில்லை மூடினார்கள். மேடையில் முழங்கியவர்கள் கார் வாங்கினார்கள். மேடைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, புகைகிற ஆம்ப்ளிஃபயரை ஊதி ஊதி உயிரோடு வைத்திருந்தவர், அந்தத் தொழிலையே பிடித்துக்கொண்டு சோமனூர் கடைவீதியில் ரேடியோக் கடை போட்டார். பரணிலும் குடோனிலும் கிடக்கிற பழைய வால்வு ரேடியோக்களை வாங்கி, பேச வைத்து விற்பது அவர் வேலை.

வால்வு ரேடியோவைத் திருகியதும் அது பேசாது. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் சிவந்து சூடேற வேண்டும். அதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் வாங்க வந்தவனுக்குச் சந்தேகம் வராமல் பேசிக்கொண்டிருப்பது இந்த வியாபாரத்தின் வழக்கம். நாச்சிமுத்துவின் வால்வுகள் மட்டும் அவர் கதை முடிந்த பிறகே சூடேறும். பேசும்போது அவருடைய இடது கை சத்தத் திருகைச் சுழியத்திலேயே பிடித்திருக்கும் என்பது கடைவீதிக்கே தெரியும்.

அதிகமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சென்னியப்பன், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாச்சிமுத்து தன் வாயால் ஒரே ஒரு முறை ‘அது புளுகு’ என்று சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சாவேன் என்று சபதம் செய்தவர். மற்றவர் பக்கத்து டீக்கடைச் சரசு.

அன்று காலை கோயம்புத்தூரிலிருந்து ஹரீஷ்ராம் என்ற இளைஞன் காரில் வந்தான். பழைய சாமான்களை அலங்காரமாக வைத்துக் காபிக்கடை திறக்கப் போகிறானாம். தேக்குப் பெட்டியும் நெற்றியில் பச்சை விளக்குக் கண்ணுமாக இருந்த பெரிய ரேடியோவைப் பார்த்ததும் அவனுக்குப் பிடித்துவிட்டது.

“ஐயா, எங்க கடையில ஒவ்வொரு பொருளுக்கும் கீழ ஒரு பித்தளைத் தகடு வைக்கிறோம். இதைப் புதுப்பிச்சது யாருன்னு பேர் பொறிச்சு” என்றான். பையிலிருந்து தகட்டையும், பேனா போன்ற பொறிக்கும் கருவியையும் எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“பேருங்களா?” என்றார் நாச்சிமுத்து. தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். “பித்தளையிலயா?”

“ஆமாங்க. ஆயுசுக்கும் அழியாது.”

சரசு பாய்லருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். “அண்ணா, இன்னைக்காச்சும் வாயை அளவாத் தொறங்க. கும்பிட்டுக் கேக்கறேன்.”

நல்ல யோசனைதான். ஆனால் ரேடியோவைப் போட்டாயிற்று. வால்வு சூடேறத் தொடங்கிவிட்டது.

“தம்பி, இந்தப் பெட்டி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் குடோன்ல கெடந்துச்சுங்க. உள்ளே ஒரு கோழி அடைகாத்துட்டு இருந்துச்சு. எந்திரின்னேன். எந்திரிக்கலை. குடியிருக்கறவங்களைக் காலி பண்ணச் சொல்றது நம்ம கொள்கைக்கு ஒத்து வராதுங்களே. கோழியோடயே தூக்கிட்டு வந்து, கோழியோடயே ரிப்பேர் பார்த்தேன். கரண்டு குடுத்ததும் வால்வுச் சூட்டுல அத்தனை முட்டையும் பொரிச்சுருச்சு.”

“ஏனுங்ணா, என்ர பாய்லர் ஓரத்துல முட்டைத் தட்டை வெச்சு வருசக்கணக்காச்சு. ஒரு குஞ்சையும் காணமே?” என்றாள் சரசு.

“உன்ர பாய்லர் பாடுமா புள்ள? இது பாடுச்சு. அதனால தம்பி, அந்தக் குஞ்சுக வளந்து கூவறப்ப சேவல் மாதிரிக் கூவலைங்க. மொதல்ல மணி சொல்லிப் போட்டுத்தான் கூவுச்சுக.”

“ரயில்வேக்கு வித்திருக்கலாமே” என்றார் சென்னியப்பன், பெஞ்சில் செய்தித்தாளை விரித்தபடி.

“வந்து கேட்டாங்க. நாந்தான் குடுக்கலை. அதுக நேரம் தவறாதுக, அவுங்களுக்கு ஒத்து வராதுன்னுட்டேன்.”

ஹரீஷ்ராம் சிரித்தான். சிரித்த வாடிக்கையாளரைக் கண்டால் நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் நிற்காது.

“சிரிக்காதீங்க, இன்னும் இருக்குது. ஏரியல் கம்பியை மொதல்ல தென்னை மரத்துல கட்டினேன், கொழும்பு வந்துச்சு. மில்லுப் புகைபோக்கி உச்சியில கட்டினேன், கப்பல்ல கேப்டனும் சமையக்காரனும் சண்டை போடறது வந்துச்சு. ஒரு நாளு வானிலை அறிக்கை. வங்கக் கடல்ல பெரும் புயல்னு அந்தம்மா சொல்லுது, ஸ்பீக்கர் துணி படபடன்னு அடிக்குது. ஈரக் காத்துங்க! கடையெல்லாம் சாரல். பொத்துன்னு மேஜைமேல ஒரு மீன் விழுந்துச்சு.”

“உசுரோடயா?” என்று சென்னியப்பன் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

“எப்படி உசுரோட வரும்? அத்தனை வால்வையும் தாண்டியில்ல வரோணும். வறுத்தே வந்துச்சு.”

“உப்பு, காரம்?”

“உப்பு கடல்லயே போட்டுருந்தாங்க. காரந்தான் கொஞ்சம் கம்மி. சரசுகிட்டத்தான் மொளகாய்ப்பொடி வாங்கினேன்.”

“என்ர கடையில மீனு வாசமே ஆகாதுங்க தம்பி, நான் சுத்த சைவம்” என்றாள் சரசு.

“அதான் பொடி மட்டும் வாங்கினேன்.”

ஹரீஷ்ராம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “ஐயா, ரேடியோ இன்னும் பாடலையே?”

“சூடாகுதுங்க. பெரிய பெட்டி, பெரிய மனுசன் மாதிரி, மெதுவாத்தான் வாயத் தொறக்கும்.” இடது கை திருகை விடவில்லை. “இதுல என்ர சொந்த வேலை ஒண்ணு இருக்குதுங்க. உள்ளே ஒரு கன்டென்சரை மாத்தி வெச்சேன். அது பொய்யை வடிகட்டிப் போடும். உண்மை மட்டுந்தான் வெளியே வரும். எங்க மில்லு மொதலாளி ஒரு தடவை ரேடியோவுல பேசினாரு. தொழிலாளி நலனைப் பத்தி. ஊரெல்லாம் முழுப் பேச்சையும் கேட்டுச்சு. என்ர பெட்டியில ‘வணக்கம்’னு வந்துச்சு. அப்புறம் ஒரே அமைதி. நடுவுல ஒரு தடவை இருமினாரு, அது வந்துச்சு. கடைசியா ‘வணக்கம்’. அவ்வளவுதான்.”

அந்த இடத்தில் சென்னியப்பனே சிரித்துவிட்டார். மில் மூடிய நாளை அவரும் பார்த்தவர். ஆனால் உடனே சுதாரித்துக்கொண்டார். “நாச்சி, உன்ர பேச்சை அந்தப் பெட்டிக்குள்ள விட்டா இருமல்கூட வெளியே வராதேப்பா.”

“தம்பி, இவரு லைன்மேனா இருந்தவரு. வெளக்கு எரியற எடத்துல இவருக்கு வேலையில்லை.”

“ஐயா, அப்படி ஒரு கன்டென்சர்னா” என்று ஹரீஷ்ராம் விளையாட்டாகத்தான் கேட்டான், “வெளிநாட்டுக்காரங்க யாரும் வந்து பார்க்கலையா?”

ஒரு மனிதன் எத்தனையோ தடியடிக்குத் தப்பலாம். எதிரில் இருப்பவன் கண்ணில் தெரியும் ஆவலுக்குத் தப்ப முடியாது.

“பார்க்கலையாவா? ஜெர்மனியில இருந்து பெரிய இன்ஜினியரு வந்தாருங்க. இந்தப் பெட்டியைச் செஞ்ச கம்பெனிக்கே தலைமை. இந்தா, சென்னியப்பன் உக்காந்திருக்கற பெஞ்சுலதான் படுத்துக்கெடந்தாரு. களியும் கீரையும் தின்னுட்டு, என்னைய சிஷ்யனா ஏத்துக்கங்கன்னு அழுகை. பாவமாப் போச்சு. ஒத்தைக் கம்பி மட்டும் ஈயம் வெச்சுக்கன்னு விட்டேன். கை நடுங்கி நடுங்கி வெச்சாரு.”

ஹரீஷ்ராம் நிமிர்ந்தான். கோழியையும் மீனையும் அவன் நம்பவில்லை. முதலாளியையும் நம்பவில்லை. ஆனால் ஜெர்மனி என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் முகமே மாறிவிட்டது. உள்ளூர்க்காரன் உயிரைக் கொடுத்துச் செய்தால் வேடிக்கை, வெளிநாட்டான் விரல் பட்டால் பெருமை. நம் நாட்டு நோய் இது. இதைப் பற்றி நாச்சிமுத்துவே எத்தனையோ தெருமுனைகளில் பேசியிருக்கிறார்.

“ஜெர்மன் இன்ஜினியர் கை வச்ச ரேடியோவா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!” அவன் கருவியை எடுத்தான். அது வண்டுபோல் ரீங்கரித்தது. பித்தளையில் ‘புதுப்பித்தவர்: ஜெர்மனி’ என்று பொறித்துவிட்டுத் தலை நிமிர்ந்தான். “அவர் பேர் என்னங்க?”

அந்த ஜெர்மன்காரருக்கு நாச்சிமுத்து இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.

சரசு டீ ஆற்றுவதை நிறுத்தினாள். சென்னியப்பன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, இலை போட்ட பந்தியில் உட்காருபவர்போல் வசதியாகச் சம்மணமிட்டார்.

“சொல்லப்பா நாச்சி, தம்பி கேக்குதல்ல?”

நாச்சிமுத்து தகட்டையே பார்த்தார். ஆயுசுக்கும் அழியாத பித்தளை. கரி பிடித்த டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துக் கம்பி சுற்றியது அவர். கிழிந்த ஸ்பீக்கரில் காகிதம் ஒட்டியது, தேக்கைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்க வைத்தது எல்லாம் அவர். பெயர் வாங்கப் போவது பிறக்காத ஒரு வெள்ளைக்காரன்.

சென்னியப்பன் குனிந்து கிசுகிசுத்தார். குரலில் கேலி பாதி, உண்மையான அக்கறை பாதி. “ஒரே வார்த்தைப்பா. புளுகுன்னு சொல்லிப் போடு. தகட்டைத் திருப்பிப் போட்டு தம்பி உன்ர பேரை எழுதிரும். நானே சொல்றேன், வேலை பூராவும் உன்னுதுதான்னு.”

“சொல்லீருங்ணா” என்றாள் சரசுவும்.

பெயர் வேண்டுமென்றால் சொல்லை விட வேண்டும். சொல்லை விட்டால் நாளைக் காலை சோமனூர் முழுக்கத் தெரிந்துவிடும். நாச்சிமுத்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வேலை உண்டு என்று மில்லில் சொன்னபோதே எழுதாதவர். ஒரு புளுகுக்காகவா எழுதுவார்?

அவர் முதுகை நிமிர்த்தினார்.

“தொரை பேருங்களா? சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் யோசிச்சேன். அவரோட அப்பாதான் இந்தப் பெட்டிய ஜெர்மனியில செஞ்சவரு. செஞ்சு முடிச்சு மொதமொதல்ல போட்டாராம். அன்னைக்குத்தான் ஊட்டுல கொழந்தை பொறந்துருக்குது. பெட்டிக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரலு, தூரத்துல, ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சாம். எந்த ஸ்டேசன்னும் தெரியலை, என்ன பாஷைன்னும் தெரியலை. வானமே சொன்ன பேருன்னு அதையே கொழந்தைக்கு வெச்சுட்டாரு. தொரை இங்க வந்து பெஞ்சுல உக்காந்தப்ப சரசு டீ குடிக்க என்னைக் கூப்பிட்டா பாருங்க, ஆளு எந்திரிச்சு நின்னுட்டாரு! அதே குரலு. இவ போடற சத்தம் இந்தப் பெட்டிக்குள்ள பூந்து, காலத்துல பின்னால போயி, ஜெர்மனியில கேட்டுருக்குது.”

“நானா?” என்றாள் சரசு.

“நீதான். தம்பி, தொரை பேரும் நாச்சிமுத்துதானுங்க.”

சொல்லிவிட்டு இடது கையால் திருகைத் திருப்பினார். பச்சைக் கண் விரிந்தது. பழைய பாட்டு ஒன்று, இரைச்சல் துளியும் இல்லாமல், தேக்குப் பெட்டியின் அடிவயிற்றிலிருந்து எழுந்து கடைவீதிவரை போனது. யாரும் கேலி செய்யவில்லை. சென்னியப்பன்கூடத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார்.

ஹரீஷ்ராம் சிறிது நேரம் கேட்டான். பெட்டியைப் பார்த்தான், ஈயக் கறை படிந்த அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு தகட்டின் மேல் குனிந்தான். கருவி ரீங்கரித்து ஓய்ந்தது.

“எடுத்துட்டுப் போகட்டுங்களா?”

“இருங்க. எங்க சங்கத்துல சபையில படிக்காத தீர்மானம் செல்லாது. ரெண்டு பேரு சாட்சி இருக்காங்க. படிச்சுரட்டும்.” நாச்சிமுத்து தகட்டை இரண்டு கையாலும் ஏந்திச் சென்னியப்பனிடம் நீட்டினார். “சத்தமாப் படிப்பா. கடைவீதி கடைசி வரிக்கும் கேக்கோணும்.”

“நானா படிக்கோணும்?”

“நீதான். கண்ணாடி போட்டிருக்கற ஆளு நீ ஒருத்தன்தான்.”

சென்னியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். எதிர்ப்பக்கத் துணிக்கடையிலிருந்துகூட இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“புதுப்பித்தவர்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார், “ஜெர்மனி நாச்சிமுத்து.”