விளக்குக்கு வைத்த பொட்டு

"ஜனங்களைத் திருத்தவே முடியாது மேடம்" என்றேன்.

அம்பத்தூரில் நாங்கள் விளக்கு செய்துகொண்டிருந்த காலம் அது. இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். உள்ளே இருக்கிற சர்க்யூட் வேறு ஆளுடையது. வெளிக்கூடு நான் வரைந்தது. முகப்பின் நட்டநடுவில், வெளிச்சத்தைப் பார்க்கும் சின்னக் கண். அழகாக இருக்கட்டும் என்று அதைச் சுற்றி விரல்நுனி அளவுக்கு ஒரு குழி வைத்திருந்தேன். கர்வம்தான், வேறென்ன.

ஆயுதபூஜை முடிந்த வாரம் எழுநூறு விளக்குகள் திரும்பி வந்தன. எல்லாம் பட்டப்பகலில் எரிகின்றனவாம். பார்த்தால், கண்ணை மூடிச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"இன்னொரு தடவை இப்படி வந்தா, நீயும் வீட்டைப் பாத்துக் கிளம்பு" என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு மேல் எவன் வேலை கொடுப்பான்?

ஜெசிந்தா மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். லேத் ஓட்டிக்கொண்டிருந்த என்னை உட்காரவைத்து, பொருளுக்கு உருவம் வரையக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க, கதிரேசன் சார்?"

"செஞ்சாச்சு மேடம்."

பேட்டரி போட்ட புது மாதிரியை மேஜையில் வைத்தேன். கண் அதே இடத்தில்தான். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: இங்கே பொட்டு வைக்காதீர்கள்.

"நாளைக்கு அச்சு வெட்டக் கொடுக்கணும். உங்க கையெழுத்துதான் பாக்கி."

அவர் ஸ்டிக்கரைப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை. எழுந்து போய், சாமி படத்துக்குக் கீழே இருந்த சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் கொண்டுவந்து வைத்தார்.

"எங்க வீட்ல இந்த வழக்கம் கிடையாது. உங்க வீட்ல எப்படிச் செய்வாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க. அன்னிக்கு அம்மா ஒண்ணையும் விடமாட்டாங்க. மொதல்ல அப்பாவோட தையல் மெஷின். அப்புறம் சைக்கிள், அரிவாள்மணை. நான் தட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போவேன். கடைசியா ரேடியோ. அதுக்கு மட்டும் என்னை வைக்கச் சொல்வாங்க."

"சந்தோஷமா இருந்திருக்குமே."

"எங்க? ஷாக் அடிச்சிடுமோன்னு நடுங்குவேன்."

மேடம் சிரித்தார். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அம்மா எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்களோ, அப்படியே வெச்சுக் காட்டுங்களேன்."

சந்தனத்தைத் தொட்டேன். அந்த வாசனை வந்ததும் அம்மாவும் வந்துவிட்டாள். அவள் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. மஞ்சள் ஏறிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, "நடுவுல வைடா, கோணப்படாது" என்பாள். சந்தனத்தை வைத்தேன். அதன்மேல் குங்குமத்தை வைத்தேன். அவள் செய்வதுபோலவே கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தேன். ஜன்னல் வழியாக உச்சி வெயில் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது.

விளக்கு எரிந்தது.