மூங்கில்பள்ளத்துக்குப் போகும் சைக்கிள்

கோத்தகிரி சந்தைக்குப் பின்னால் இறங்குகிற தெருவில் போஜனின் சைக்கிள் பட்டறை இருந்தது. முன்பு தேயிலைக் கொழுந்து எடைபோட்ட தகரக் கொட்டகை அது. போஜனுக்கு வயது முப்பத்து மூன்று. அவரைவிட இரண்டு மடங்கு வயதானவர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் பழக்கமும் அவரிடம் இல்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிராம சுகாதார நர்ஸ் யோகேஸ்வரி அந்தக் கொட்டகைக்கு வந்தாள். நாற்பத்தாறு வயது. பச்சை ஸ்வெட்டர், காலில் கான்வாஸ் ஷூ. மலையில் ஓடுகிற மாதிரி ஒரு சைக்கிள் வேண்டும் என்றாள்.

யாருக்கு என்று போஜன் கேட்டார். தனக்குத்தான் என்றாள்.

விஷயம் இதுதான். மூங்கில்பள்ளம் எஸ்டேட்டுக்குப் போகிற ரோடு நான்காவது மைலில் சரிந்து போயிருந்தது. அதற்கு அப்பால் ஏழு கிலோமீட்டர், அறுபது குடும்பங்கள். எஸ்டேட் ஜீப்பும் டிராக்டரும் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. சரிவை ஒவ்வோர் அடியாக வைத்து நடந்துதான் தாண்ட முடியும். ரோடு சரியாக ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். சரிந்த மூன்றாம் நாளே அங்கே ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. யோகேஸ்வரி நடந்தே போனாள். போய்ச் சேர்ந்தபோது பிரசவம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாயிடமிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்து ஆறு பேர் தூக்கி வந்தார்கள். அவள் பிழைத்தது டாக்டருக்கே ஆச்சரியம்.

"ஸ்கூட்டர் அந்தச் சரிவைத் தாண்டாது. சைக்கிள்னா தோள்ல போட்டுக்கிட்டுத் தாண்டிருவேன்," என்றாள் யோகேஸ்வரி.

போஜன் தலையாட்டினார்.

சுவரில் ஒரு புதுச் சைக்கிள் தொங்கியது. கறுப்பு நிறம், ஒரு கீறல் இல்லை. யோகேஸ்வரி அதைக் காட்டி, அதையே கொடுத்துவிடுங்கள், தவணையில் எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

"வழியில நின்னுட்டா?"

"உங்களுக்குப் போன் பண்றேன்."

"மூங்கில்பள்ளத்துல டவர் இருக்கா, சிஸ்டர்?"

இல்லை. அவளுக்கு அது தெரியும்.

போஜன் கொட்டகையின் பின்கதவைத் திறந்தார். அங்கே ஃப்ரேம்கள், ரிம்கள், ஃபோர்க்குகள், ஹேண்டில்பார்கள் என்று ஆள் உயரத்துக்குப் பழைய சாமான் குவிந்து கிடந்தது. சைக்கிள் பந்தயத்தில் விழுந்தவர்கள் விட்டுப்போனவை, சுற்றுலா வந்தவர்கள் தூக்க முடியாமல் தள்ளிவிட்டுப் போனவை, மேட்டுப்பாளையம் இரும்புக் கடையிலிருந்து பொறுக்கியவை. இதிலிருந்து ஒன்றை அவளே கட்ட வேண்டும், தான் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்.

தனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாதே என்றாள் யோகேஸ்வரி.

"ஊசி பிடிக்கவும் ஒரு காலத்துல தெரியாமதானே இருந்தீங்க," என்றார் போஜன்.

முதல் நாள் ஃப்ரேம் எடுக்கச் சொன்னார். அவள் குவியலுக்குள் கையை விட்டு, பளபளவென்று இருந்த சிவப்பு ஃப்ரேமை இழுத்தாள். போஜன் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஹேண்டில் நுழைகிற குழாய்க்குக் கீழே நகத்தால் தடவச் சொன்னார். தடவினாள். நகம் ஓரிடத்தில் சிக்கியது. தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நகத்தாலேயே தேட ஆரம்பித்தாள். நாடி பார்ப்பது மாதிரிதான். பதினொன்றாவது ஃப்ரேமில் எங்கும் சிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், பெயிண்ட் உரிந்து, குறுக்குக் கம்பியில் ஒரு நசுங்கலோடு, பார்க்கவே சகிக்காத சாம்பல் நிறம்.

"இதுவா மாஸ்டர்?"

"நீங்கதான் எடுத்தீங்க," என்றார் அவர்.

அதற்கப்புறம் வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான். முன் சக்கரம் ஒரு சைக்கிளிலிருந்து, பின் சக்கரம் இன்னொன்றிலிருந்து. முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைப் பிரித்து, கறுத்த எண்ணெயை வடித்து, துடைத்துத் திரும்பப் போட்டாள். பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். சக்கரத்தைச் சுழலவிட்டு ஸ்போக்ஸ் முறுக்கிக் கோட்டம் எடுத்தாள். செயினைப் பிரிக்கவும் கோர்க்கவும் படித்தாள். அவள் கையிலிருந்து டெட்டால் வாசனை போய் கிரீஸ் வாசனை வந்ததாக வீட்டில் புருஷன் கேலி செய்தார்.

பிரேக்கைப் பூட்டுகிற அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"போல்ட்டை எவ்வளவு இறுக்கணும் மாஸ்டர்? ஏதாவது கணக்கு இருக்கா?"

போஜன் ஒரு டப்பாவிலிருந்து போல்ட் ஒன்றை எடுத்து, வைஸ் இடுக்கியில் இருந்த இரும்புக் கட்டையில் பொருத்தி, ஸ்பேனரை அவளிடம் கொடுத்தார்.

"இறுக்குங்க."

இறுக்கினாள்.

"இன்னும்."

இன்னும் இறுக்கினாள். இன்னும் என்றார். பட்டென்று போல்ட்டின் தலை அறுந்து தரையில் உருண்டது. அவள் பதறிப்போய்க் கையை எடுத்தாள்.

அவர் இன்னொரு போல்ட்டைப் பொருத்தினார். அதுவும் அறுந்தது. மூன்றாவதும் அறுந்தது. நான்காவதில், அவர் இன்னும் என்று சொன்னபோது அவள் கை நின்றது. அவளாக நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது.

"இறுக்கலையா?" என்றார் போஜன்.

"இதுக்கு மேல போனா போயிரும் மாஸ்டர்."

அவர் டப்பாவை மூடிவிட்டு டீ போடப் போனார்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் தன் இரண்டு சக்கரத்தில் நின்றது. அழகு என்று சொல்ல முடியாது. முன் டயர் ஒரு கம்பெனி, பின் டயர் ஒரு கம்பெனி. ஹேண்டிலின் இரண்டு கைப்பிடிகளும் இரண்டு நிறம். யோகேஸ்வரி பட்டறைக்கு முன்னால் தெருவில் நான்கு தடவை ஏறி இறங்கினாள். பிரேக் பிடித்தது. சின்ன வயதில் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு முன்னால் ஓட்டியது உடம்புக்கு மறக்கவில்லை. மறுநாள் முதல் மூங்கில்பள்ளத்துக்கு இதில்தான் என்று முடிவு செய்திருந்தாள்.

அது மறுநாள் வரை காத்திருக்கவில்லை.

அன்றைக்கே காலை பத்து மணி இருக்கும். தெருவில் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். மூங்கில்பள்ளத்துப் பிரதீபன். அவன் மனைவி சுகந்திக்கு எட்டாம் மாதம். விடிந்ததிலிருந்து தலை பிளக்கிறது என்கிறாள், முகம் வீங்கியிருக்கிறது, கண் மங்கலாகத் தெரிகிறதாம். அவன் ஓட்டமும் நடையுமாகச் சரிவு வரைக்கும் வந்து, அங்கிருந்து ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான்.

யோகேஸ்வரிக்கு மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. வலிப்பு வந்தால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. டாக்டரைப் போனில் பிடித்தாள். அவர் என்ன ஊசி, எவ்வளவு என்று சொன்னார், அவள் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொண்டாள். மருந்து அவள் பையிலேயே இருந்தது. ஆம்புலன்ஸைச் சரிவுக்கு வரச் சொன்னாள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

போஜன் அதற்குள் தன் ஜீப்பைத் திருப்பி நிறுத்தியிருந்தார். கொட்டகைக்குள் போய்ச் சுவரில் தொங்கிய கறுப்புச் சைக்கிளை இறக்கினார். அதைக் கொண்டுவந்து சாம்பல் நிறச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"எதை ஏத்தட்டும், சிஸ்டர்?"

யோகேஸ்வரி இரண்டையும் பார்த்தாள். ஒன்று புத்தம் புதுசு. இன்னொன்று நான்கு தடவை தெருவில் ஓடிய பழைய இரும்பு. சரிவைத் தாண்டி ஏழு கிலோமீட்டரும் கல்லும் குழியுமான பாதை.

"நீங்க சொல்லுங்க மாஸ்டர். எதை நம்பிப் போகலாம்?"

போஜன் கறுப்புச் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தொட்டார்.

"இதை இறுக்கினது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

கையைச் சாம்பல் நிறச் சைக்கிளுக்கு நகர்த்தினார். அவர் கேட்பதற்குள் அவள் அதைத் தூக்கி ஜீப்பில் போட்டுவிட்டாள்.

சரிவில் சேறு முழங்கால் வரை வாங்கியது. ஆம்புலன்ஸுக்காகப் போஜன் இந்தப் பக்கம் நின்றுகொண்டார். பிரதீபன் கை கொடுக்க, யோகேஸ்வரி சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டினாள். அப்பால் ஏறி உட்கார்ந்ததும் அவனைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு விட்டாள் ஒரு விடு.

முதல் மூன்று கிலோமீட்டர் இறக்கம். கற்கள் சக்கரத்துக்கடியில் தெறித்தன. வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டாள், சொன்ன பேச்சைக் கேட்டது. ஃபோர்க் அமுங்கி எழுந்தது. இரண்டு பக்கமும் தேயிலை ஓடியது. பயமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. கீழே சுழல்கிற ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். எது எங்கே எத்தனை சுற்றில் பூட்டியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள்.

ஓடையைத் தாண்டி ஒரு சின்ன ஏற்றம். எழுந்து நின்று மிதித்தாள். டக்கென்று ஒரு சத்தம். பெடல் காலுக்கடியில் வெறுமனே சுற்றியது. செயின் அறுந்து பாதையில் பாம்பு மாதிரி கிடந்தது.

அவள் இறங்கினாள். முன்னும் பின்னும் ஒரு ஆள் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, இடுப்புப் பையிலிருந்து செயின் பிரிக்கிற கருவியை எடுத்தாள். உடைந்த கண்ணியைத் தள்ளி வெளியே எடுத்து, மிச்சத்தை இழுத்துக் கோர்த்து, பின்னை அழுத்தினாள். மடங்குகிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்தாள். மடங்கியது. ஒரு கண்ணி குறைந்த செயின், பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றக் கூடாது என்று நினைவில் வைத்துக்கொண்டாள். எட்டு நிமிடம். கையைப் புல்லில் துடைத்துவிட்டு ஏறினாள்.

லயத்து வாசலில் இறங்கியபோது முதலில் சோப்பு கேட்டாள். சுகந்தி கட்டிலில் கிடந்தாள். அழுத்தம் நூற்றெழுபதுக்கு மேல். கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். யோகேஸ்வரி அவளோடு பேசிக்கொண்டே வலிப்பைத் தடுக்கிற ஊசியை இடுப்பில் இரண்டு பக்கமும் போட்டாள். கால் மணி நேரத்தில் பிரதீபனின் தம்பிமார் நாற்காலியில் கழி கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். யோகேஸ்வரி ஒரு கையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மறு கையில் சுகந்தியின் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தாள். பாதி வழியில் பிரதீபனும் சேர்ந்துகொண்டான். வலிப்பு வரவில்லை.

சரிவுக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. அவள் சைக்கிளைப் போஜனிடம் விட்டுவிட்டு ஏறிப் போனாள்.

அன்று மாலையே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, எடை குறைவு. மூன்றாம் நாள் தாய், பிள்ளை இரண்டு பேரும் ஆபத்தைத் தாண்டிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

அதற்கு மறுநாள் யோகேஸ்வரி பட்டறைக்கு வந்தாள். சைக்கிள் அதே சேற்றோடு வாசலில் சாய்ந்திருந்தது. போஜன் அதைத் தொடவில்லை. அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக் கழுவ உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். போஜன் ஒரு ரிம்மைச் சுற்றிவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கழுவி முடித்ததும் அவள் மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

"எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினேன் மாஸ்டர். அப்படியும் சைக்கிள் பாதி வழியில கைவிட்டுருச்சே. எங்க தப்புப் பண்ணினேன்?"

போஜன் ரிம்மைக் கையால் நிறுத்தினார்.

"போய்ச் சேர்ந்தீங்களா?"

"சேர்ந்தேன்."

"எதுல?"

"இதுலதான்."

"அப்ப அறுந்தது செயின், சிஸ்டர்," என்றார் போஜன். "சைக்கிள் எங்கயும் நிக்கலையே."