நூறு தடுக்குகள்

செண்பகவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுடைய குரு மரகதம்மாவுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. இதைச் சொல்லி மடத்தில் சிரித்தவர்கள் உண்டு. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

மார்பில் வந்த புற்றுக்கட்டியை ஆரம்பத்திலேயே கண்டு எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்தது. திரும்ப வராமலிருக்க ஐந்து வருடம் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை என்றார் டாக்டர். மூன்றே மாதத்தில் விரல்கள் மடங்க மறுத்தன. காலையில் சீப்பைப் பிடிக்க முடியவில்லை.

"தொடரலாம், வேற மாத்திரைக்கு மாறலாம், அதுக்கும் ஒரு தொல்லை உண்டு, இல்லேன்னா நிறுத்திடலாம்னு சொல்றார்மா. என்னை மாதிரி நூறு பேர்ல, மாத்திரை இல்லாம பதினாறு பேருக்குத் திரும்ப வரலாமாம். போட்டா எட்டுப் பேருக்காம். நான் எதுல இருக்கேன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டார். நீங்க சொல்லுங்க" என்று மரகதம்மாவிடம் வந்து கேட்டாள்.

"குருபூசைக்குப் போடற தடுக்கெல்லாம் எடுத்துட்டு வாங்கக்கா."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேலை வைப்பது மரகதம்மாவின் வழக்கம். சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

சாப்பிட உட்காருகிறவர்களுக்குப் போடும் சின்ன ஓலைத் தடுக்குகள் அவை. ஒரு பக்கம் சிவப்புச் சாயம், மறுபக்கம் வெறும் ஓலை. வெயிலுக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்த கூடத்தில், சிவப்பு மேலே தெரிய, பத்துப் பத்தாக நூறும் விரித்தாள்.

"இவங்கதான் அந்த நூறு பேர். எல்லாருமே செண்பகவல்லி. பதினாறைப் புரட்டிப் போடுங்க."

"எந்தப் பதினாறை?"

"டாக்டருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரியுமா?"

முதல் தடுக்கில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் அது சூடாக இருந்தது. மரகதம்மா வாசலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டிக்கொண்டே போனாள். பதினாறாவதில் மூச்சுச் சத்தம் கேட்டது. நம் மூச்சுதான் என்று நினைத்து அடக்கிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை.

"அம்மா, இங்க யாரோ..."

"இப்ப மாத்திரை போட்டுப் பாருங்க. எட்டைத் திரும்பச் சிவப்பாக்குங்க. விரல் வலிச்சா விட்டுடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஐந்தாவதைப் புரட்டியதும் விரல்கள் பூட்டிக்கொண்டன. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. வெளிறிக் கிடந்த பதினொன்றையும் பார்த்தாள். மணிக்கட்டால் நெம்பி இன்னும் மூன்றைப் புரட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீங்க காப்பாத்தின எட்டுப் பேரைக் காட்டுங்க."

திரும்பினாள். தொண்ணூற்றிரண்டு தடுக்குகள் சிவப்பாகக் கிடந்தன. எட்டு, தன் கையால் இப்போதுதான் புரட்டியவை. அந்த எட்டில் ஒன்றைக்கூட அடையாளம் தெரியவில்லை. குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இப்போது எல்லாமே சூடாக இருந்தன.

"தெரியலம்மா."

"அந்த எட்டுப் பேருக்காவது தெரியுமா?"

"அப்ப, நான் பிழைச்சுக் கிடந்தாலும் மாத்திரையாலதான்னு எனக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"அஞ்சு வருஷமும் வீணாத்தான் வலிச்சிருந்தா?"

"அதுவும் தெரியாது."

"நிறுத்திட்டு, ஒண்ணும் வராமலே இருந்துட்டா?"

"இருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் இருப்பாங்க."

செண்பகவல்லிக்குப் பயமாக இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் படுத்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"நாளைக்குக் காலையில நான் என்னதாம்மா பண்றது?" என்று கத்திவிட்டாள்.

மரகதம்மா ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மெதுவாப் பேசுங்கக்கா. இந்த நூறு பேர்ல வாய் உங்க ஒருத்திக்குத்தான் இருக்கு. நீங்க என்ன முடிவு சொல்றீங்களோ அதைத்தான் மத்த தொண்ணூத்தொன்பது பேரும் செஞ்சாகணும். எல்லாரும் உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருக்காங்க."