மூன்று பழுதுப் பாய்கள்

ஆற்றுக்கு மேலே பாலம் கட்டலாம் என்பதே ஒருவருக்கும் தோன்றாத காலத்தில், இரண்டு கிளை ஆறுகளுக்கு நடுவே நாணல்திட்டு என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊரில் ஐயாறன் என்றொருவன் இருந்தான். கோரைப்பாய் நெய்வது அவன் தொழில். சந்தேகப்படுவது அவன் சுபாவம். அவன் கதையைச் சொல்கிறேன். சிறியவர்கள் கேட்கலாம், அடுப்பு எரிகிற வீடு உள்ள பெரியவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

திட்டுக்கு மேற்கே பெரியாறு. கிழக்கே சின்னாறு. கோடையில் சின்னாற்றில் கணுக்கால் நனையாது. ஐப்பசி பிறந்தால் அதே ஆறு கரை முட்ட ஓடும். ஓடக்காரன் ஓடத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவான். வடியும்வரை திட்டில் இருப்பவர்கள் திட்டில், அக்கரையில் இருப்பவர்கள் அக்கரையில்.

ஆகையால் ஒவ்வொரு வீட்டிலும் அடைமழைக்கென்று மூன்று பொருள் சேர்த்து வைப்பார்கள். அரிசி, எண்ணெய், உப்பு.

ஐயாறனின் அப்பாவும் சேர்த்து வைத்தார். ஆனால் கூடத்தின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய மண்குதிரில் வைத்தார். ஒரு வெள்ளத்தில் ஊரே அந்தக் கூடத்தைத் தேடி வந்தது. கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். வெள்ளம் வடிவதற்கு முன்னே குதிர் காலியாயிற்று. ஐயாறனுக்கு ஒரு தங்கை இருந்தாள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு இல்லை.

அதனால் அவன் சந்தேகத்தை முழுக்கவும் குற்றம் சொல்ல முடியாது. முதலில் அது அளவோடுதான் இருந்தது.

அவன் அரிசியைத் தவிட்டுக் குதிரில் வைத்தான். கீழே அரிசி, மேலே முழங்கை ஆழத்துக்குத் தவிடு. பார்க்கிறவர்கள் மாட்டுத் தவிடு என்று போய்விடுவார்கள். எண்ணெய்ப் பானையைச் சாம்பல் கூடைக்குப் பின்னால் வைத்தான். உப்பைப் புளிப்பானை வரிசையில் கடைசியாக வைத்தான். மனைவி காத்தாயிக்கு மட்டும் இடத்தைச் சொன்னான். இதுவரை ஒரு தப்பும் இல்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு மாகாளி வந்தான். வாய் ஓயாதவன். மாட்டையும் பார்த்தான், குதிரில் இருந்த தவிட்டையும் பார்த்தான்.

“ஏண்ணே, உன் மாடு தவிடு தின்னுதா, இல்லை மோந்து பார்த்துட்டு விரதம் இருக்குதா? போன மாசம் பார்த்த தவிடு அப்படியே இருக்கே!”

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஐயாறன் சிரிக்கவில்லை. இவன் ஏன் தவிட்டைப் பார்க்கிறான்? போன மாதமும் பார்த்தானா? எதற்காகப் பார்த்தான்?

அன்றே மூன்று பொருளையும் தொழுவத்துக்கு மாற்றினான். கழுநீர்த் தொட்டியை நகர்த்திக் குழி வெட்டி, மூன்று பானைகளைப் புதைத்து, தொட்டியைப் பழையபடி மேலே இழுத்து வைத்தான். காத்தாயியிடம் சொன்னான்.

அடுத்து ஓடக்காரன் ஒரு மழைக்கு ஒதுங்கித் தொழுவத்தில் நின்றான். மழை விட்ட பிறகும் கொஞ்சம் நின்றான். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றதாக ஐயாறனுக்குப் பட்டது. குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாக்கினான். அதையும் காத்தாயியிடம் சொன்னான்.

மூன்றாவதாகத்தான் வந்தது வினை.

ஒருநாள் அவன் கோரை அறுத்துக்கொண்டு வீடு திரும்பினான். தொழுவத்தில் தொட்டி நகர்ந்திருந்தது. காத்தாயி குழிக்குள் குனிந்து, அரிசிப் பானைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“வேப்பிலை மாத்தறேங்க. பழைய இலை சருகாப் போச்சு. வண்டு விழுந்தா அத்தனையும் பாழு.”

“நான் இல்லாதப்போதான் வண்டு விழுமா?”

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். “என்ன கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்லை. உன் அண்ணன் வீட்டில் இந்த வருஷம் விளைச்சல் இல்லைன்னு சொன்னாங்க. அதான்.”

அவள் வேப்பிலையை வைத்து, பானையை மூடி, மண்ணைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அந்தத் தொழுவத்தில் அரிசியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் அவன் சந்தேகப்பட்டான்.

பிறகு அவள் ஊரணிக்குப் போன ஒரு பொழுதில், அவன் மூன்று பானைகளையும் வெளியே எடுத்தான். மூங்கில் குழாய்களை அறுத்து வைத்திருந்தான். சிலவற்றில் அரிசி, சிலவற்றில் எண்ணெய், சிலவற்றில் உப்பு. வாயைத் தக்கையால் அடைத்து மெழுகு பூசினான். தண்ணீர் புகாது, எறும்பும் புகாது. அந்தக் குழாய்களைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டினான். அரிசிக்கு ஒரு பாய், எண்ணெய்க்கு ஒரு பாய், உப்புக்கு ஒரு பாய். மூன்றையும் கோரைக் கயிற்றால் இறுகக் கட்டிப் பரணில் ஏற்றினான். அடையாளத்துக்கு அரிசிப் பாயில் ஒரு முடிச்சு, எண்ணெய்ப் பாயில் இரண்டு, உப்புப் பாயில் மூன்று.

வேலையில் குறை சொல்ல முடியாது. பாய் நெய்கிறவன் வீட்டுப் பரணில் பாய் இருந்தால் யார் பார்ப்பார்கள்?

குழியை மூடித் தொட்டியை வைத்தான். காத்தாயியிடம் ஒரு வார்த்தை சொன்னான்.

“பரணில் மூணு பாய் இருக்கு. நெசவு பழுது. விக்க முடியாது. நீ ஏறித் தொட வேண்டாம்.”

அவளும் தொடவில்லை.

ஐப்பசி வந்தது. வெள்ளம் இன்னும் வரவில்லை, ஓடம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பவளம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஐயாறன் நல்ல பாய்களை எல்லாம் கட்டிக்கொண்டு, விற்றுவிட்டுப் பேத்திக்குத் துணி வாங்கி வருவதாகச் சொல்லி, அக்கரைச் சந்தைக்குப் போனான்.

போன அன்றே மேற்கே எங்கோ பெய்த மழை இரண்டு ஆற்றிலும் இறங்கியது. ஓடம் நின்றது.

அன்றாடப் பானையில் இருந்த அரிசி, கஞ்சி ஆகி, நீர்க்கஞ்சி ஆகி, பிறகு ஒன்றும் இல்லாமல் ஆனது. பிள்ளை பெற்ற உடம்பு. பவளத்துக்குப் பால் வற்றியது. குழந்தை அழுதது, பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. வெள்ளம் எத்தனை நாள் நிற்குமோ என்று காத்தாயி அதுவரை குழியைத் தொடவில்லை. இனிப் பொறுக்க வேண்டாம், குழி இருக்கிறதே என்று எழுந்தாள்.

தொட்டியை நகர்த்தினாள். தோண்டினாள். இன்னும் தோண்டினாள். வெறும் ஈரமண்தான் வந்தது.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி நோய் போன்றது. அதுவரை காத்தாயிக்கு அந்த நோய் இல்லை. அந்தக் குழியைப் பார்த்ததும் வந்துவிட்டது. ‘யாருக்குத் தெரியும் இந்த இடம்? தவிட்டைப் பார்த்தவன் யார்? தொழுவத்தை எட்டிப் பார்க்கிற வேலி யாருடையது?’

மண் கையோடு மாகாளி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“தம்பி, எடுத்ததில் பாதியாவது கொடுத்துடு. பச்சை உடம்புக்காரி கிடக்கிறா.”

“எதை மதினி எடுத்தேன்?”

“தொழுவத்தில் தொட்டிக்கு அடியில் இருந்ததை.”

மாகாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

“தொட்டிக்கு அடியிலா? உங்க வீட்டில் அடியில் ஒண்ணு, மேலே ஒண்ணுன்னு இருக்கறது இப்போ நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்தவன் தொழுவத்தில் மண்ணைப் பறிக்க நான் என்ன பெருச்சாளியா? போங்க மதினி, பேசாம போங்க.”

காத்தாயி திரும்பினாள். அவன் கொடுக்க நினைத்திருந்த ஒரு படி அரிசியும் அவன் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு சொல் போகிற தூரம் அவ்வளவு.

அன்று பகலிலேயே சின்னாற்றுக் கரை உடைத்துக்கொண்டது. உடைப்பு பெருகினால் திட்டே போய்விடும். ஆண் பெண் எல்லோரும் ஓடினார்கள். வைக்கோல், மூங்கில் தட்டி, கந்தல் மூட்டை என்று கிடைத்ததைக் கொண்டு வந்து உடைப்பில் திணித்து மண் கொட்டினார்கள். மாகாளி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தான். ஐயாறன் வீட்டு வாசலில் உள்ளே பார்க்காமல் நின்றான்.

“கரைக்குப் பாய் வேணும். களவாண்டுட்டுப் போகலை, கேட்டு வாங்கறேன்.”

நல்ல பாய் எல்லாம் சந்தைக்குப் போயிருந்தது. காத்தாயி பரணில் ஏறி மூன்று பழுதுப் பாய்களையும் தள்ளிவிட்டாள்.

“என்ன இந்தக் கனம் கனக்குது?”

“கூரை ஒழுகி நனைஞ்சிருக்கும். எடுத்துப் போ.”

அவளும் பின்னாலேயே கரைக்குப் போனாள்.

அக்கரையில் ஐயாறன் நின்றிருந்தான். ஓடம் விடுவார்களா என்று பார்க்க வந்தவன், தன் பரண் பாய்கள் கரைமேல் கிடப்பதைப் பார்த்தான். சின்னாறு அகலம் குறைந்தது, கூப்பிட்டால் கேட்கும். முடிச்சைப் பார்க்கத்தான் கண் எட்டாது. எது அரிசி, எது எண்ணெய், எது உப்பு?

மாகாளி முதல் பாயைத் தூக்கினான். ஐயாறன் வாயைத் திறந்தான். ஊரே கரைமேல் நின்றது. இப்போது சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். இன்னும் இரண்டு இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டான். முதல் பாய் உடைப்பில் விழுந்தது. அதன்மேல் மண் விழுந்தது.

காத்தாயி அவனைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூவினாள்.

“ஏங்க! வீட்டில் அரிசி நிறைஞ்சிருக்கு! பவளத்துக்குப் பால் இல்லை! புள்ளை துவளுது!”

அந்தத் திட்டில் அடுப்படிப் பொருள் எதையும் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று ஒரு பயம். எண்ணெய் தீர்ந்தால் எண்ணெய் நிறைந்துவிட்டது. அரிசி தீர்ந்தால் அரிசி நிறைந்துவிட்டது. பழையதாகி வீணாய்ப் போனதையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே ஐயாறனுக்கு நன்றாகப் புரிந்தது. குழியைத் தோண்டிப் பார்த்திருக்கிறாள். பிள்ளை பட்டினி கிடக்கிறது.

மாகாளி இரண்டாவது பாயைத் தூக்கினான்.

அப்போதும் அவனுக்குச் சந்தேகம் விடவில்லை. காத்தாயிக்கு மட்டும் புரியும்படி, ஊருக்குப் புரியாதபடி ஒரு வார்த்தை சொல்ல நினைத்தான்.

“அந்தப் பாய் நிறைஞ்சிருக்கு! நிறைஞ்சிருக்கு!”

மாகாளி கையை உயர்த்திக் காட்டினான். “கேட்டுதாடா? வீணாப் போன பாய்தானாம். அவரே சொல்லிட்டார். போடு!”

காத்தாயியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? இரண்டாவது பாயும் விழுந்தது. மண்ணும் விழுந்தது.

மூன்றாவது பாய் தோளுக்கு ஏறியது.

ஐயாறன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். பின்னால் இருந்தவர்கள் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். தொண்டை கிழியக் கத்தினான்.

“அரிசி! பாய்க்குள்ளே அரிசி! காத்தாயி, பிரிச்சுப் பாரு, நான்தான் எடுத்து ஒளிச்சேன்!”

மாகாளி பாயை மெதுவாக இறக்கினான். காத்தாயி கயிற்றை அறுத்தாள். மூங்கில் குழாய்கள் உருண்டன. ஒன்றை உடைத்துக் கையில் கொட்டினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. உடைப்பில் புதைந்ததைத் தோண்டவும் முடியாது. தோண்டினால் கரை போய்விடும்.

மாகாளி குழாய்களைப் பொறுக்கி அவள் மடியில் வைத்தான்.

“எண்ணிக்குங்க மதினி. அப்புறம் ஒண்ணு குறைஞ்சா பெருச்சாளி தின்னுதுன்னு சொல்வீங்க.”

காத்தாயியால் தலை தூக்க முடியவில்லை. உடைப்பு இன்னும் அடைபடவில்லை. அதை அடைக்க மாகாளி தன் வீட்டுக்குப் போய், வாசல் கதவைக் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு வந்தான். கதவு உடைப்பில் உட்கார்ந்தது. மண் நின்றது. திட்டு பிழைத்தது.

காத்தாயி உப்போடு வீட்டுக்குப் போகவில்லை. கதவில்லாத அந்த வாசலில் போய் நின்றாள்.

“தம்பி, நான் பேசினது தப்பு. மன்னிச்சுடு. இந்த உப்பில் ஒரு குழாயை நீ வச்சுக்கோ.”

அந்த மழையில் திட்டில் ஒரு வீட்டிலும் உப்பு இல்லை. ஈரம் பட்டு எல்லார் பானையிலும் நீராகி ஓடியிருந்தது. மாகாளியின் மனைவி அந்த உப்பைப் பார்த்தாள், காத்தாயியைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டு வந்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு வாய்தான் நீளம் அக்கா, கை நீளமில்லை. முதல்ல கஞ்சி வைங்க.”

செய்தி பரவியது. பிறகு ஒவ்வொருவராக ஐயாறன் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள்.

அக்கரையில் நின்ற ஐயாறன் அதையும் பார்த்தான். தன் வீட்டுக்குள் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அப்பா காலத்தில் பார்த்த அதே காட்சி. சுரண்டுகிறார்கள், மிச்சத்தையும் சுரண்டுகிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே போகிறவர்கள் முந்தானைக்குள் நாழி அரிசி இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. வெளியே வருகிறவர்கள் கையில் ஒரு பிடி உப்புதான் இருந்தது என்பதும் தெரியவில்லை. வெள்ளம் வடியும்வரை அங்கேயே உட்கார்ந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.

ஓடம் விட்டதும் முதல் ஆளாக இறங்கி ஓடி வந்தான். கூடத்தில் பவளம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டு குடித்தது. சுவரோரம் அடுத்தவர் வீட்டு நாழிகள், திருப்பிக் கொடுப்பதற்காகக் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“யார் யார் கொடுத்தாங்க?”

“யாரை எல்லாம் சந்தேகப்பட்டீங்களோ, அவங்கதான்,” என்றாள் காத்தாயி. “நான் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பலைங்கறது இப்போதாவது தெரிஞ்சுதா?”

ஐயாறன் மகள் அருகே உட்கார்ந்தான். பேத்தியின் காலைத் தொட்டான். அழுதான்.

அடுத்த ஐப்பசிக்கு முன்னும் அந்த வீட்டில் அரிசியும் எண்ணெயும் உப்பும் சேர்த்து வைத்தார்கள். மறைத்துத்தான் வைத்தார்கள். தெருக்கதவைச் சாத்திவிட்டு, இருவரும் சேர்ந்து வைத்தார்கள். இடத்தைக் காத்தாயி சொன்னாள், ஐயாறன் தூக்கினான். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் கொண்டு போக வேண்டியது இவ்வளவுதான்: ஆபத்துக்கென்று சேர்த்து வைப்பதைத் தெருவின் கண்ணுக்கு மறைத்து வைக்கலாம், அதை எடுத்து உலையில் போட வேண்டிய கைக்கு மறைத்து வைக்கக் கூடாது.